பரிந்துரைக் கடிதத்தில் வெளியான என் மருத்துவ விடுப்பு

அமெரிக்காவில் எம்.எஸ். முடித்த கையோடு பி.எச்.டி.க்கு விண்ணப்பித்தேன். அந்த வருடம் எனக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. விண்ணப்பக் கட்டணம், ஸ்கோர் அனுப்பிய செலவு, டிரான்ஸ்கிரிப்ட் எல்லாம் சேர்த்து 1,200 டாலர் போல போனது. நம்ம ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு லட்ச ரூபாய். ரிசர்ச் அசிஸ்டென்ட் சம்பளத்தில் வாடகை கொடுத்து, வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பி, மிச்சம் பிடித்த பணம் அது. பணத்தைவிட, போன ஒரு வருடம்தான் பெரிதாக வலித்தது. பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்தால் மட்டும்தான் இடம் போனது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பி.எச்.டி. சேர்க்கையில் ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் என்னைப் பற்றி நான் யாருக்கும் சொல்ல விரும்பாத ஒரு விஷயம் என் அனுமதி இல்லாமல் எத்தனையோ பேர் மேஜைக்குப் போய்விட்டது. அதற்கு என்ன செய்யலாம் என்று தேடி நான் தனியாக அலைந்தபோது வழி சொல்ல ஆள் இல்லை. அடுத்து விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காவது இது முன்னாலேயே தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ். இரண்டாவது செமஸ்டரில் எனக்குக் கடுமையான மனச்சோர்வு வந்தது. தூக்கம் போனது, சாப்பாடு போனது, லேபுக்குப் போய் பிபெட்டைக் கையில் எடுத்தால் எந்த டியூபில் எதைச் சேர்த்தேன் என்பது மறந்துபோனது. பல்கலைக்கழக மருத்துவமனையில் காட்டினேன். டாக்டர் கடிதம் கொடுத்தார். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிறவர்கள் தாமாகப் பாடங்களைக் கைவிட்டால் விசாவுக்கே ஆபத்து. மருத்துவக் காரணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் சர்வதேச மாணவர் அலுவலகம் முன்கூட்டியே அனுமதி தரலாம். அப்படி அனுமதி வாங்கிப் பாடங்களை விட்டேன். டிரான்ஸ்கிரிப்டில் அந்த செமஸ்டருக்கு நேராக வரிசையாக ‘டபிள்யூ’, அதாவது பாடத்தை இடையில் விட்டதற்கான குறி, விழுந்தது. என் தீசிஸ் வழிகாட்டிக்கு நானே மெயில் போட்டு உள்ளதைச் சொன்னேன். அவர் ரொம்ப நல்ல மனிதர். “வேலை எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் குணமாகு” என்று பதில் எழுதினார். நானும் குணமாகி, அடுத்த செமஸ்டரில் திரும்பி வந்து, தீசிஸை நன்றாகவே முடித்தேன்.

திருநெல்வேலியில் வீட்டுக்கு இதைச் சொல்லவில்லை. போன் குறைந்துபோனதில் அப்பாவுக்குச் சந்தேகம் வந்து, துறைக்கே ஒரு மெயில் அனுப்பிவிட்டார். “மாணவியின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் எதையும் சொல்ல இயலாது” என்று பதில் போனது. பள்ளிக்கு மேலான கல்வி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டால் பதிவேடுகள் மேல் உள்ள உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்கு மாறிவிடும் என்பது அந்த நாட்டுச் சட்டம். உயிருக்கு ஆபத்தான நெருக்கடி, அமெரிக்க வருமான வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்தவராகக் காட்டியிருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. மாணவர் கல்விப் பதிவேடுகளின் தனியுரிமையைக் காக்கும் அந்தச் சட்டத்தின் பெயர் ஃபெர்பா. அப்போதுதான் அந்தப் பெயரையே கேள்விப்பட்டேன். பெற்ற அப்பாவிடமே சொல்லாத அளவுக்குக் கறாரான சட்டம் என்று நம்பி நிம்மதியாக இருந்தேன். அந்த நம்பிக்கையோடுதான் அக்டோபர் மாதம் மூன்று பேரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டேன்.

விண்ணப்பப் போர்ட்டலில் கடிதம் எழுதுகிறவரின் பெயரும் மெயிலும் போடும் இடத்தில் ஒரு கேள்வி வரும்: இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா, இல்லையா? இதைத்தான் எல்லோரும் வெய்வர் என்கிறார்கள். நீங்கள் எதை டிக் செய்தீர்கள் என்பது கடிதம் எழுதுகிறவருக்கும் தெரியும், சேர்க்கைக் கமிட்டிக்கும் தெரியும். சீனியர் அக்கா ஒருவரிடம் கேட்டேன். “யோசிக்கவே யோசிக்காத, வெய்வ் பண்ணிடு. இல்லைன்னா லெட்டரை யாரும் நம்ப மாட்டாங்க” என்றார். அவர் சொன்னது சரிதான், இன்றைக்கும் நான் அதையேதான் சொல்வேன். மாணவர் பார்க்கப்போகிறார் என்று தெரிந்தால் எழுதுகிறவர் பூசி மெழுகியிருப்பார் என்று கமிட்டி நினைக்கும். சில பேராசிரியர்கள் வெய்வ் செய்யாவிட்டால் எழுதவே மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு டிக்கில் எதைக் கொடுக்கிறோம், எதைக் கொடுக்கவில்லை என்பதை ஒருவரும் எனக்குப் பிரித்துச் சொல்லவில்லை.

ஃபெர்பா சட்டம் 1974இல் வந்தது. செனட்டர் ஜேம்ஸ் பக்லி கொண்டுவந்ததால் பக்லி திருத்தம் என்றும் சொல்வார்கள். மாணவர்கள் தங்கள் கோப்பைப் பார்க்கலாம் என்றவுடனே, ரகசியம் என்று நம்பி ஏற்கெனவே எழுதிய கடிதங்கள் என்னாவது என்று பல்கலைக்கழகங்கள் பதறின. அந்த வருடம் முடிவதற்குள்ளேயே சட்டத்தைத் திருத்தினார்கள். 1975 ஜனவரி 1க்கு முன் கோப்பில் சேர்ந்த ரகசியக் கடிதங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். அதற்குப் பின் வரும் கடிதங்களைப் பார்க்கும் உரிமையை மாணவரே விட்டுக்கொடுக்கலாம் என்று வைத்தார்கள். விட்டுக்கொடுப்பதற்கும் நிபந்தனைகள் உண்டு. எழுத்தில் இருக்க வேண்டும், மாணவரே கையெழுத்திட வேண்டும். விட்டுக்கொடுத்தால்தான் அட்மிஷன் என்று எந்த நிறுவனமும் கட்டாயப்படுத்தக் கூடாது. யார் யார் கடிதம் கொடுத்தார்கள் என்று மாணவர் கேட்டால் பெயரைச் சொல்லியாக வேண்டும். எந்த நோக்கத்துக்காக வந்த கடிதமோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். வெய்வரைப் பின்னால் ரத்து செய்யலாம், ஆனால் ரத்துக்குப் பிறகு நடப்பவற்றுக்குத்தான் அது பொருந்தும். ஏற்கெனவே வந்து சேர்ந்த கடிதம் மூடிய உறைக்குள்தான் இருக்கும். இவை எல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்றைக்கு நான் பார்த்தது ஒரு சின்னச் சதுரக் கட்டம்தான்.

ஜனவரியில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஜூம் இன்டர்வியூ வந்தது. நான் மிகவும் ஆசைப்பட்ட லேப். தீசிஸ் பற்றிய கேள்விகள் நன்றாகப் போயின. கடைசியில் குழுவில் இருந்த ஒரு பேராசிரியர், மிகவும் கனிவான குரலில், “நீங்கள் ஒரு கஷ்டமான காலத்தைத் தாண்டி வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. எங்கள் முதல் வருடம் கொஞ்சம் நெருக்கடியானது. இங்கே உங்களுக்கு என்ன மாதிரி உதவி தேவைப்படும்?” என்று கேட்டார். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. என் கட்டுரையில் நோய் பற்றி ஒரு எழுத்துகூட நான் எழுதவில்லை. டிரான்ஸ்கிரிப்டில் டபிள்யூ மட்டும்தான் இருக்கும், காரணம் இருக்காது. வழிகாட்டியின் பரிந்துரைக் கடிதத்தில்தான் அது இருந்திருக்க வேண்டும் என்று பிறகு புரிந்தபோது காது இரண்டும் சுட்டது. ஏதோ உளறினேன். என்ன சொன்னேன் என்பதுகூட இன்று நினைவில்லை. கேமராவை அணைத்துவிட்டு நெடுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவமானமா, கோபமா, பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் உடம்பு முழுவதையும் யாரோ திறந்துவைத்துவிட்டதுபோல் இருந்தது.

பிப்ரவரி, மார்ச்சில் ஒவ்வொன்றாக நிராகரிப்பு வந்தது. நிதியுதவியோடு வரும் அழைப்புகளை ஏற்க ஏப்ரல் 15 வரை மாணவர்களுக்கு அவகாசம் உண்டு என்பதால், காத்திருப்போர் பட்டியலிலிருந்தாவது அழைப்பு வரும் என்று அந்தத் தேதி வரை மெயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அதற்குள் நான் கடிதத்தின் பின்னால் போக ஆரம்பித்திருந்தேன்.

முதலில், நிராகரித்த பல்கலைக்கழகத்திடமே என் கோப்பைக் காட்டச் சொன்னேன். முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஃபெர்பா, ஒரு நிறுவனத்தில் படித்த, படிக்கிற மாணவர்களுக்குத்தான். விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர் அந்த நிறுவனத்தின் மாணவரே இல்லை, அவருக்கு அங்கே எந்த உரிமையும் கிடையாது. இதைத் தெளிவாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்குக் காரணம் தெரிய வேண்டிய தேவை அதிகமோ அவர்களுக்குச் சட்டம் கதவைத் திறப்பதில்லை. சேர்ந்து படிப்பவர்கள் கேட்டால் மட்டும் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். 2015 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சிலர் இந்த வழியில் தங்கள் சேர்க்கைக் கோப்பைப் பார்க்கலாம் என்று ஒரு செய்திமடலில் எழுதப்போய், அது நாடு முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு யேல் போன்ற இடங்களில் மதிப்பீட்டுக் குறிப்புகளை வைத்திருக்காமல் அழிக்க ஆரம்பித்தார்கள். கோப்பைப் பார்க்க ஒருவர் கேட்ட கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது அழிக்கக் கூடாது, யாரும் கேட்காதபோது அழித்தால் சட்டப்படி தவறில்லை. அதனால் கேட்க நினைப்பவர்கள் சேர்ந்த உடனே கேளுங்கள்.

அடுத்து நான் படித்த பல்கலைக்கழகத்தின் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்குப் போனேன். மாணவர் பதிவேடுகளைக் கவனிக்கும் ஒரு அம்மாள் பொறுமையாக உட்காரவைத்துப் பேசினார். என் நோய் விவரத்தை எழுதியது மருத்துவ ரகசியச் சட்டத்துக்கு விரோதம் இல்லையா என்று கேட்டேன். அவர் இல்லை என்றார். ஹிப்பா எனப்படும் அந்தச் சட்டம் மருத்துவமனை, டாக்டர், காப்பீட்டு நிறுவனம் போன்றவர்களைத்தான் கட்டும். பேராசிரியரைக் கட்டாது. சரி, அப்படியானால் ஃபெர்பா? அப்போதுதான் அவர் ஒரு காகிதத்தை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடது பக்கம் ‘பதிவேட்டிலிருந்து தெரிந்தது’, வலது பக்கம் ‘நேரில் தெரிந்தது’ என்று எழுதினார். மதிப்பெண், ஜி.பி.ஏ., வகுப்பில் எத்தனையாவது இடம், எந்தப் பாடத்தை விட்டேன் என்பதெல்லாம் இடது பக்கம். இவற்றை ஒரு கடிதத்தில் சேர்க்க மாணவரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும் என்பது பொது விதி. லேபில் எப்படி உழைத்தேன், கருத்தரங்கில் எப்படிப் பேசினேன் என்று பேராசிரியர் தன் கண்ணால் பார்த்ததெல்லாம் வலது பக்கம். இதற்கு ஒப்புதல் தேவையில்லை. “உங்கள் உடல்நிலை பற்றி அவருக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். நான்தான் மெயில் போட்டுச் சொன்னேன். அவர் பேனாவை வலது பக்கத்தில் வைத்தார்.

அந்த நிமிடம் எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றும் மறக்க முடியவில்லை. நம்பி ஒருவரிடம் சொன்னதுதான் என் பாதுகாப்பையே எடுத்துவிட்டது என்றால் அது என்ன நியாயம்? ஒரு மாணவி தன் வழிகாட்டியிடம் உடம்பு சரியில்லை என்று சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை, சொல்லத்தான் வேண்டும். ஓட்டை சட்டத்தில் இருக்கிறது. இடது பக்கத்திலும் ஒரு வாசல் திறந்துதான் இருக்கிறது என்று அந்த அம்மாள் அடுத்துச் சொன்னார். மாணவர் சேர விரும்பும் வேறொரு கல்வி நிறுவனத்துக்குப் பதிவேட்டு விவரங்களை, சில நிபந்தனைகளோடு, ஒப்புதல் இல்லாமலே அனுப்பலாம் என்று ஒரு விலக்கு உண்டு. பல பல்கலைக்கழகங்கள் அந்த விலக்கை நம்பிக்கொண்டிராமல், பரிந்துரைக் கடிதத்துக்கென்று தனியாக ஒப்புதல் படிவம் வாங்கச் சொல்லித் தங்கள் ஆசிரியர்களுக்கு அறிவுறுத்துகின்றன. எங்கள் துறையிலும் அப்படி ஒரு படிவம் இருந்தது. யாரும் அதைக் கேட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை.

புகார் செய்யலாமா என்று கேட்டேன். வாஷிங்டனில் கல்வித் துறையின் கீழ் மாணவர் தனியுரிமைக் கொள்கை அலுவலகம் இருக்கிறது. மீறல் தெரிந்த 180 நாளுக்குள் எழுத வேண்டும். அவர்களால் நிறுவனத்தைத் திருத்தச் சொல்ல முடியும், கடைசிக் கட்டமாக மத்திய நிதியை நிறுத்த முடியும். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு கிடைக்காது. நேரடியாக வழக்கும் போட முடியாது. 2002இல் கொன்சாகா பல்கலைக்கழக வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஃபெர்பாவின் கீழ் தனிநபர் வழக்குத் தொடரும் உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கும் கிட்டத்தட்ட இதே ரகம்தான். ஆசிரியராகப் போக விரும்பிய மாணவர் ஒருவருக்கு நன்னடத்தைச் சான்று தேவைப்பட்டது. அவர்மேல் இருந்த, நிரூபிக்கப்படாத ஒரு குற்றச்சாட்டைப் பல்கலைக்கழக ஊழியர் மாநில அரசின் அலுவலரிடம் சொல்லிவிட்டார். இதைப் படித்த அன்று இரவு புகார் யோசனையைக் கைவிட்டேன். எனக்குப் பணமோ தண்டனையோ வேண்டியிருக்கவில்லை, என் நோயைப் பற்றிய பேச்சு அடுத்த வருடக் கடிதத்திலும் போகக் கூடாது. அவ்வளவுதான்.

இன்டர்வியூவில் கேட்ட கேள்வியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மத்திய நிதி பெறும் கல்வி நிறுவனங்கள், சேர்க்கைக்கு முன்னால் விண்ணப்பதாரருக்கு இயலாமை உண்டா என்று பொதுவாக விசாரிக்கக் கூடாது. 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவையொட்டிய விதி அது. மனநோயும் அதில் வரக்கூடும். எனவே அப்படிக் கேட்டால் நோயைப் பற்றி விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. “முதல் வருட மாணவர்களுக்கு இங்கே பொதுவாக என்னென்ன வசதி உண்டு என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்” என்று கேள்வியைத் திருப்பிவிட்டு ஆராய்ச்சிக்குப் போய்விடலாம். இதை முன்கூட்டி வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அந்த நேரத்தில் தானாக வராது.

கடைசியாகத்தான் என் வழிகாட்டியைப் பார்க்கப் போனேன். போக எனக்குத் தைரியம் வருவதற்கே வெகு நாள் ஆனது. அவர் அறையில் கதவைச் சாத்திவிட்டு, நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. கம்ப்யூட்டரைத் திருப்பி அவரே கடிதத்தை எனக்குக் காட்டினார். இது பலருக்குத் தெரியாது: வெய்வரில் நாம் விட்டுக்கொடுப்பது, கல்வி நிறுவனத்திடம் காட்டு என்று கேட்கும் உரிமையை. எழுதியவர் தானாக விரும்பிக் காட்டுவதை ஃபெர்பா தடுக்கவில்லை. கடிதம் இரண்டு பக்கம். என் சோதனைகளைப் பற்றி நானே மறந்துபோன விவரங்களைக்கூட நினைவுவைத்து எழுதியிருந்தார். மூன்றாவது பத்தியில் இருந்தது அந்த வரி: கடுமையான மன அழுத்தத்தால் ஒரு செமஸ்டரை இழந்தும், அசாத்தியமான துணிச்சலோடு மீண்டு வந்தவர். பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறார். “அத்தனை டபிள்யூவைப் பார்த்தால் கமிட்டி உன்னைச் சோம்பேறி என்று நினைத்துவிடுமோ என்று பயந்தேன்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கெட்ட எண்ணத்தோடு யாராவது செய்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

நல்ல எண்ணத்தோடு எழுதும் வரிகளால்தான் ஆபத்து அதிகம் என்பது என் உறுதியான கருத்து. 2006இல் அமெரிக்காவில் உளவியல் முதுநிலைப் படிப்புகளின் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு வெளிவந்தது. விண்ணப்பத்தைக் கெடுப்பவை எவை என்று கேட்டதில், கேடு செய்யும் பரிந்துரைக் கடிதங்களும், தன் மனநலத்தைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் கட்டுரைகளும் இடம்பெற்றிருந்தன. மனநோயைப் படிப்பாகவே வைத்திருக்கும் துறையிலேயே நிலைமை இது. மாற வேண்டும், மாறும் என்றும் நம்புகிறேன். ஆனால் அதை மாற்றும் போராட்டத்துக்குத் தன் விண்ணப்பத்தைப் பணயம் வைக்கலாமா வேண்டாமா என்பதை அந்த மாணவர்தான் முடிவு செய்ய வேண்டும். வேறு யாரும் அவருக்காகச் செய்யக் கூடாது.

அடுத்த வருடம் ஓ.பி.டி.யில், அதாவது எஃப்-1 மாணவர்களுக்குப் படிப்பு முடிந்ததும் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதியில், ஒரு லேபில் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். ஓ.பி.டி. ஆரம்பித்த பிறகு மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலை இல்லாமல் இருக்கக் கூடாது என்பதால், சம்பளத்தைப் பார்க்காமல் கிடைத்ததைப் பிடித்தேன். திரும்பவும் விண்ணப்பித்தேன், திரும்பவும் அதே வழிகாட்டியிடம்தான் கடிதம் கேட்டேன். வேறு ஆளைப் பிடி என்று பலர் சொன்னார்கள். என் வேலையை அவரைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. வெய்வரையும் முன்போலவே டிக் செய்தேன். மாற்றியது ஒன்றே ஒன்றுதான்: இந்த முறை ஒப்புதலை எழுத்தில் கொடுத்தேன். வெய்வர் என்பது கடிதத்தை நான் பார்ப்பதைப் பற்றியது. ஒப்புதல் என்பது கடிதத்தில் என்ன போகலாம் என்பதைப் பற்றியது. முதலாவதை விட்டுக்கொடுத்ததால் இரண்டாவதையும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது. ஒரு வருடமும் ஒரு லட்சமும் கொடுத்து நான் தெரிந்துகொண்டது இதைத்தான்.

டபிள்யூவை நானே கையாண்டேன். விண்ணப்பத்தில் ‘கூடுதல் தகவல்’ என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் “ஒரு மருத்துவக் காரணத்தால், பல்கலைக்கழகத்தின் அனுமதியோடு அந்த செமஸ்டரில் பாடங்களை விட்டேன். அது தீர்ந்துவிட்டது. அதற்குப் பின் எல்லா செமஸ்டரிலும் முழுப் பாடச்சுமை எடுத்து முடித்திருக்கிறேன்” என்று மூன்று வாக்கியம் எழுதினேன். நோயின் பெயர் இல்லை, கதையும் இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. இடம் கிடைத்தது. அன்றைக்குத்தான் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “ஏட்டி, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா” என்றாள். அப்பா போனை வாங்கி, இப்போது மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்டார்.

சேர்ந்த முதல் மாதமே என் சேர்க்கைக் கோப்பைப் பார்க்க எழுதிக் கொடுத்தேன். பார்க்கத்தான் உரிமை. தூரத்தில் இருப்பது போன்ற காரணத்தால் நேரில் வந்து பார்க்கவே முடியாதவருக்குப் பிரதி கொடுக்க வேண்டும் அல்லது பார்க்க வேறு ஏற்பாடு செய்ய வேண்டும், பிரதிக்குக் கட்டணம் வாங்கலாம், தேடி எடுப்பதற்கு வாங்கக் கூடாது. ஒரு அறையில் உட்காரவைத்துக் காட்டினார்கள். கடிதங்களை எடுத்துவிட்டிருந்தார்கள், அது நியாயம். மதிப்பீட்டாளர் குறிப்புகளில் கடிதத்திலிருந்து எடுத்த வரிகளும் கறுப்பு மையில் மறைக்கப்பட்டிருந்தன. என் தீசிஸைப் பற்றிய குறிப்புகள் மட்டும் தெரிந்தன. அந்த செமஸ்டருக்குப் பக்கத்தில் ஒருவர் ‘விளக்கம் உள்ளது, சரி’ என்று எழுதியிருந்தார்.

தமிழ்நாட்டிலிருந்து நேராக விண்ணப்பிக்கிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி, நம் கல்லூரி ஹெச்.ஓ.டி.யை இந்தச் சட்டம் கட்டுமா என்பது. அமெரிக்கக் கல்வித் துறையின் நிதி வாங்கும் நிறுவனங்களைத்தான் ஃபெர்பா கட்டும். நம் கல்லூரிக்கு அது பொருந்தாது. அந்தக் கடிதம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போய், நீங்களும் அங்கே சேர்ந்த பிறகுதான் அங்கிருக்கும் பிரதிக்குப் பொருந்தும். ஆகவே நம் ஊரில் எழுதி வாங்கும் ஒப்புதலுக்குச் சட்டத்தின் பலம் இல்லை, ஆனாலும் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்ததைப் பார்த்தபின் வேண்டாததைச் சேர்க்க யாருக்கும் மனம் வராது. அரியர் வைத்தது, வீட்டுக் கஷ்டம், அப்பா இறந்தது, கல்யாணம் நிச்சயமானது என்று நம் பேராசிரியர்கள் பாசத்தில் எழுதிவிடும் விஷயங்கள் நிறைய. “நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போடறேன்” என்று சொல்கிறவர்களும் உண்டு. அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு நீங்களே எழுதினால், வெய்வரே பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாக உங்கள் புராஜெக்ட், மதிப்பெண், நீங்கள் செய்த வேலை ஆகியவற்றைக் குறிப்புகளாகக் கொடுத்து, அவரை எழுதச் சொல்லுங்கள்.

குறைந்தது ஆறு வாரம் முன்னால் கேளுங்கள். “கடிதம் தருவீர்களா” என்று கேட்காமல் “எனக்கு வலுவான கடிதம் எழுத உங்களால் முடியுமா” என்று கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரிடம் போங்கள். போர்ட்டலில் அவர் பெயரைச் சேர்த்து அழைப்பு அனுப்புவதற்கு முன்னாலேயே இந்தப் பேச்சு முடிந்துவிட வேண்டும். அழைப்பு போன பிறகு வெய்வர் பதிலை மாற்ற முடியாமல் போகலாம். எந்தப் பதிவேடு, எந்த நோக்கத்துக்கு, யாருக்கு என்ற மூன்றும், கையெழுத்தும், தேதியும் ஒப்புதலில் இருக்க வேண்டும் என்பது ஃபெர்பாவின் விதி. நான் அனுப்பிய மெயிலை இங்கே தருகிறேன், உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்:

“பேராசிரியர் அவர்களுக்கு, எனக்காகக் கடிதம் எழுத ஒப்புக்கொண்டதற்கு மிக்க நன்றி. கீழ்க்கண்ட பல்கலைக்கழகங்களின் பி.எச்.டி. சேர்க்கைக்காக மட்டும், உங்கள் பாடத்தில் என் மதிப்பெண், என் மொத்த ஜி.பி.ஏ., தீசிஸ் விவரம் ஆகியவற்றை உங்கள் கடிதத்தில் குறிப்பிட ஒப்புதல் தருகிறேன். என் உடல்நலம், விடுப்பு, குடும்பச் சூழ்நிலை ஆகியவற்றை எந்த வடிவத்திலும், பாராட்டாகக்கூட, குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டிரான்ஸ்கிரிப்டில் உள்ள டபிள்யூ பற்றி நானே விண்ணப்பத்தில் விளக்கியிருக்கிறேன். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்திருக்கிறேன். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தை இத்துடன் இணைத்துள்ளேன். ஏதாவது சந்தேகம் இருந்தால், அனுப்புவதற்கு முன் தயவுசெய்து என்னிடம் கேளுங்கள்.”